லினக்ஸில் ஃபேன் வேகமும் சூடும்: அந்த எண்ணைச் சொல்வது எந்தச் சிப்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: உபுண்டு போட்ட ஒரு டெஸ்க்டாப். சென்சார்ஸ் கட்டளையைக் கொடுத்தால் ப்ராசஸர் கோர்களின் சூடு மட்டும் வருகிறது, ஃபேன் எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற அளவு) சுற்றுகிறது என்பது வரவே இல்லை. அண்ணனுடைய கணினியில் ஃபேன் வேகம் வருகிறது, ஆனால் அங்கே ஒரு வரி 127 டிகிரி என்கிறது. எதை நம்புவது? ஃபேன் வேகத்தை லினக்ஸிலிருந்தே கூட்டிக் குறைக்க முடியுமா?

முதலில் நேரான பதில். ஃபேன் வேகத்தைச் சொல்வது ப்ராசஸர் அல்ல. மதர்போர்டில் அதற்கென்று தனியாக ஒரு சிப் இருக்கிறது. உங்கள் கணினியில் அந்தச் சிப்புக்கான டிரைவர் இன்னும் ஏறவில்லை, அதனால்தான் ஃபேன் வரவில்லை. அண்ணன் கணினியில் தெரியும் 127 பெரும்பாலும் எதனுடனும் இணைக்கப்படாத ஒரு முனையின் அளவு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஃபேன் வேகத்தை லினக்ஸிலிருந்து மாற்ற முடியும், ஆனால் பல சமயம் அதை பயாஸிடம் (மதர்போர்டிலேயே இருக்கும், லினக்ஸுக்கு முன்பே ஓடும் நிரல்) விட்டுவிடுவதே நல்லது.

இனி விரிவாகப் பார்ப்போம். இந்த விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: திரையில் ஒரு எண்ணைப் பார்த்ததும் அது அதிகமா குறைவா என்று யோசிக்காதீர்கள், அதைச் சொல்வது எந்தச் சிப் என்று பாருங்கள். சென்சார்ஸ் காட்டும் பட்டியல் ஒரே இடத்திலிருந்து வருவதல்ல. ப்ராசஸருக்குள் இருக்கும் உணரி, மதர்போர்டு சிப், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு என்று நாலைந்து பேர் சொல்வதை அது ஒரே திரையில் அடுக்கிக் காட்டுகிறது. அவர்களில் சிலர் துல்லியமானவர்கள், சிலர் தோராயமாகச் சொல்பவர்கள். சிலருக்குச் சொல்வதற்கே ஒன்றும் இல்லை, ஆனாலும் ஒரு எண்ணைச் சொல்வார்கள்.

இவை எல்லாம் சேரும் இடம், லினக்ஸின் மையமான கெர்னலில் வன்பொருளைக் கண்காணிக்கும் எச்டபிள்யூமான் பகுதி. சிஸ் என்ற கோப்பகத்துக்குள் கிளாஸ், அதற்குள் எச்டபிள்யூமான் என்று போனால் எச்டபிள்யூமான்0, எச்டபிள்யூமான்1 என்று ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு சிப். உள்ளே நேம் என்ற கோப்பைத் திறந்தால் சிப்பின் பெயர் இருக்கும். டெம்ப்1 இன்புட் என்ற கோப்பில் 45000 என்று இருந்தால் 45 டிகிரி செல்சியஸ் என்று அர்த்தம், டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அதன் அலகு. ஃபேன்1 இன்புட் நேராக ஆர்பிஎம். இன்0 இன்புட் மில்லிவோல்ட். பிடபிள்யூஎம்1 என்பது ஃபேனுக்குப் போகும் கட்டளையின் அளவு, 0 முதல் 255 வரை. எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பின் சென்சார்ஸ் கட்டளையும் சரி, டெஸ்க்டாப்பில் அழகாகக் காட்டும் பிசென்சார், வைட்டல்ஸ் போன்ற கருவிகளும் சரி, பெரும்பாலும் இந்தக் கோப்புகளைத்தான் படிக்கின்றன. எனவே ஒரு கருவியில் ஃபேன் தெரியவில்லை என்று இன்னொரு கருவியை நிறுவுவதால் அநேகமாகப் பயன் இல்லை. கோப்பே இல்லாதபோது எந்தக் கருவியாலும் காட்ட முடியாது.

ஒரு எச்சரிக்கை. அந்த 0, 1, 2 என்ற எண்கள் நிலையானவை அல்ல. எந்த டிரைவர் முதலில் ஏறுகிறதோ அதற்கு முதல் எண். இன்று எச்டபிள்யூமான்2 ஆக இருக்கும் சிப் நாளைக்கு மறுதொடக்கம் செய்தபின் எச்டபிள்யூமான்4 ஆகலாம். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் எண்ணை நம்பி எழுதாமல், நேம் கோப்பைப் படித்துச் சிப்பைத் தேடும்படி எழுதுங்கள்.

சரி, ஒவ்வொரு சிப்பாகப் போவோம். உங்கள் திரையில் இப்போது தெரியும் கோர் எண்கள் இன்டெல் ப்ராசஸரின் உள்ளேயே இருக்கும் டிஜிட்டல் உணரியிலிருந்து, கோர்டெம்ப் என்ற டிரைவர் வழியாக வருகின்றன. அந்த உணரி "நான் இத்தனை டிகிரியில் இருக்கிறேன்" என்று சொல்வதில்லை. "என் உச்ச வரம்புக்கு இன்னும் இத்தனை டிகிரி பாக்கி" என்றுதான் சொல்கிறது. உச்ச வரம்பு பல டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் 100 டிகிரி. பாக்கி 60 என்று சிப் சொன்னால் டிரைவர் கழித்துப் பார்த்து 40 என்று எழுதுகிறது. இதனால் ஒரு விளைவு உண்டு: வரம்புக்குப் பக்கத்தில் அந்த அளவு நம்பகமானது, கீழே போகப் போகத் துல்லியம் குறையும். சும்மா இருக்கும்போது ஒரு கோர் 31, இன்னொரு கோர் 37 என்று காட்டினால் அதில் ஆராய ஒன்றும் இல்லை. 85-க்கு மேல் காட்டுவதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை எல்லை, ஆபத்து எல்லை என்று பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் எண்களும் இதே சிப் தருபவைதான், அவற்றை நம்பலாம்.

ஏஎம்டி என்றால் டிரைவர் கே10டெம்ப். அதில் டிசிடிஎல் என்ற வரி இருக்கும். இது ஃபேனைக் கட்டுப்படுத்துவதற்காக ஏஎம்டி வைத்திருக்கும் எண், சில மாடல்களில் உண்மையான சூட்டைவிட வேண்டுமென்றே கூட்டிச் சொல்லும். 2017-இல் வந்த ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் 20 டிகிரி கூடுதல், 2700எக்ஸ்-இல் 10 டிகிரி. பழைய கெர்னலோடு அந்த ப்ராசஸரை வைத்திருந்தவர்கள் சும்மா இருக்கும்போதே 60 டிகிரி என்று பார்த்து மிரண்டார்கள். இப்போதைய டிரைவர் அந்த மாடல்களுக்கு அதைக் கழித்து டிடை என்று தனி வரியாகவும் காட்டுகிறது. டிசிசிடி1 என்று வந்தால் அது உள்ளே இருக்கும் கோர்த் துண்டு ஒன்றின் சூடு. ரைசன் 7000 வரிசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முழு வேலையில் 95 டிகிரியைத் தொடுவது அந்த வரிசையில் பல மாடல்களின் வடிவமைப்பிலேயே இருப்பது. அதற்காக கூலரை மாற்ற ஓட வேண்டாம்.

இப்போது உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். மதர்போர்டில் சூப்பர் ஐஓ என்ற வகைச் சிப் ஒன்று இருக்கும். பழைய கீபோர்டு போர்ட், சீரியல் போர்ட் இவற்றைக் கவனிக்க வந்த சிப், அதோடு ஃபேன், சூடு, மின்னழுத்தம் மூன்றையும் அளக்கும் பொறுப்பும் அதனிடமே வந்து சேர்ந்தது. நுவோட்டான், ஐடிஇ இரண்டும்தான் அதிகம் கண்ணில் படும் தயாரிப்புகள். ஆசுஸ், எம்எஸ்ஐ, ஆஸ்ராக் போர்டுகளில் பெரும்பாலும் நுவோட்டான், கிகாபைட்டில் பெரும்பாலும் ஐடிஇ. நுவோட்டானுக்கு டிரைவர் என்சிடி6775, ஐடிஇ-க்கு ஐடி87. பெயரில் உள்ள எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், ஒரு டிரைவர் அந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த பல சிப்களையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறது.

யுஎஸ்பி கருவியைச் செருகினால் லினக்ஸ் தானாக டிரைவரை ஏற்றுகிறதே, இந்தச் சிப்புக்கு மட்டும் ஏன் இல்லை? யுஎஸ்பி, பிசிஐ கருவிகள் கேட்டவுடன் தம் பெயரைச் சொல்லும். சூப்பர் ஐஓ அப்படிச் சொல்லாது. அது ஐஎஸ்ஏ என்ற பழைய இணைப்பு இருந்த காலத்து முறையில், தெரிந்த ஒன்றிரண்டு முகவரிகளில் மௌனமாக உட்கார்ந்திருக்கும், நாம்தான் போய்த் தட்டிப் பார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் சென்சார்ஸ்-டிடெக்ட். எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவியபின் சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) அதை ஓட்டுங்கள். வரிசையாகக் கேள்விகள் கேட்கும். பெரிய எழுத்தில் இருப்பது அது பரிந்துரைக்கும் விடை, வெறும் என்டர் தட்டினால் அதுவே எடுத்துக்கொள்ளப்படும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். டெபியன், உபுண்டுவில் கடைசிக் கேள்வி "இந்த டிரைவர்களை மாட்யூல்ஸ் கோப்பில் நானே சேர்த்துவிடவா?" என்பது. அதற்குப் பரிந்துரை விடை "வேண்டாம்". எல்லாவற்றுக்கும் என்டர் தட்டிக்கொண்டே வருபவர் அதற்கும் என்டர் தட்டுவார். சிப்பைக் கண்டுபிடித்த பிறகும் டிரைவர் ஏறாது. "டிடெக்ட் ஓட்டினேன், ஒன்றும் மாறவில்லை" என்று சொல்பவர்களில் நிறையப் பேரின் கதை இதுதான். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் யெஸ் என்று முழுதாக அடியுங்கள். அப்புறம் மறுதொடக்கம் செய்யுங்கள், அல்லது மாட்ப்ரோப் கட்டளையோடு டிரைவர் பெயரைக் கொடுத்து அப்போதே ஏற்றிக்கொள்ளுங்கள்.

மற்ற கேள்விகளுக்குப் பரிந்துரையை ஏற்பதே பாதுகாப்பு. இது வெறும் சம்பிரதாயப் பேச்சு இல்லை. பழைய ஐபிஎம் திங்க்பேட் மாடல்கள் சிலவற்றில், எஸ்எம்பஸ் தடத்தில் (மதர்போர்டின் சிறு சிப்கள் பேசிக்கொள்ளும் தடம்) யார் இருக்கிறார்கள் என்று தேடும் சாதாரணத் தட்டலே அட்மெல் நிறுவனத்தின் ஒரு நினைவகச் சிப்பில் இருந்த தரவைக் கெடுத்துவிட்டது. அந்த லேப்டாப்புகள் பூட் ஆகாமலே போயின. அதற்குப் பின் எல்எம்-சென்சார்ஸ் ஆட்கள் மிகவும் எச்சரிக்கையானார்கள். அந்தக் கருவி இத்தனை கேள்வி கேட்பதற்கும், சில இடங்களில் "வேண்டாம்" என்றே பரிந்துரைப்பதற்கும் இப்படி அனுபவப்பட்ட காரணங்கள் உண்டு.

மாட்ப்ரோப் கொடுத்ததும் பிழை வந்தால் அதன் வாசகத்தைப் படியுங்கள். இரண்டு வகை வரும். "அப்படி ஒரு கருவி இல்லை" என்றால், உங்கள் சிப் அந்த டிரைவருக்குத் தெரியாத புதிய மாடல். புதிய கெர்னலில் ஆதரவு வந்திருக்கலாம். ஐடிஇ-யின் புதிய சிப்கள் பலவற்றுக்கு, கெர்னலுக்கு வெளியே பராமரிக்கப்படும் ஐடி87 டிரைவரை டிகேஎம்எஸ் முறையில் (கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானாக மறுபடி கட்டித் தரும் முறை) போட்டுக்கொள்பவர்கள் உண்டு.

"கருவி வேறு வேலையில் இருக்கிறது" என்று வந்தால் விஷயம் வேறு. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி பதிவைப் பார்த்தால் ஏசிபிஐ (பயாஸும் இயங்குதளமும் வன்பொருளைப் பகிர்ந்து ஆள்வதற்கான விதிமுறை) மோதல் என்று ஒரு வரி இருக்கும். அந்தச் சிப்பின் முகவரிகளைத் தானும் பயன்படுத்துவேன் என்று பயாஸ் எழுதி வைத்திருக்கிறது, அதனால் கெர்னல் டிரைவரை விட மறுக்கிறது. இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும் மருந்து, பூட் அளவுருக்களில் ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸ் என்பதற்கு லாக்ஸ் என்று மதிப்புக் கொடுப்பது. இது வேலை செய்யும். ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யுங்கள். இந்தச் சிப்பில் எதைப் படிப்பதாக இருந்தாலும், முதலில் எந்தப் பக்கம் என்று தேர்ந்தெடுத்து, பிறகு அந்தப் பக்கத்தின் பதிவேட்டைப் படிக்க வேண்டும். டிரைவர் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்த மறுகணம் பயாஸின் நிரல் வந்து வேறு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், டிரைவர் படிப்பது தவறான எண்ணாக இருக்கும். எழுதினால் தவறான இடத்தில் எழுதும். நடைமுறையில் பெரும்பாலான போர்டுகளில் ஒன்றும் ஆவதில்லை. இருந்தாலும் லாக்ஸ் என்பது கணினி முழுவதற்கும் காவலைத் தளர்த்துவது. ஐடி87 டிரைவரில் அந்த ஒரு டிரைவருக்கு மட்டும் மோதலைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் விருப்பம் இருக்கிறது, அது இதைவிட மேல். ஆசுஸ் போர்டுகளில் பலவற்றுக்கு என்சிடி6775 டிரைவர் இப்போது பயாஸ் வழியாகவே, டபிள்யூஎம்ஐ மூலம், முறையாகக் கேட்டுப் படிக்கிறது. அதனால் கெர்னலைப் புதுப்பித்தாலே பிரச்சினை தீர்ந்துவிடக்கூடும். முதலில் அதைச் செய்யுங்கள், லாக்ஸ் கடைசி வழியாக இருக்கட்டும்.

ஃபேன் வரிகள் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, ஃபேன் கண்ணெதிரே சுற்றுகிறது, ஆனால் 0 ஆர்பிஎம் என்று வருகிறதே என்பதாக இருக்கும். இது எப்படி அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் விடை தானாக வரும். ஃபேனின் மூன்றாவது கம்பி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். 1200 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 20 சுற்று, 40 துடிப்பு. சிப் அந்தத் துடிப்புகளை எண்ணுவதில்லை. துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தைத் தன் உள் கடிகாரத்தால் எண்ணுகிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் இடைவெளி நீளும், எண்ணிக்கை பெரிதாகும். பழைய சிப்களில் எண்ணிக்கைக்கு எட்டு பிட்தான், 255-க்கு மேல் எண்ண முடியாது. 255 வந்துவிட்டால் "ஃபேன் நின்றுவிட்டது" என்று முடிவு கட்டிவிடும். சூத்திரம் இது: 1350000-ஐ எண்ணிக்கையாலும் வகுத்தியாலும் (அந்தக் கடிகாரத்தை எத்தனை மடங்கு மெதுவாக்குகிறோம் என்ற எண்) வகுத்தால் ஆர்பிஎம். வகுத்தி 2 என்று இருந்தால் சுமார் 2650 ஆர்பிஎம்முக்குக் கீழே அந்தச் சிப்புக்குக் கண் தெரியாது. அமைதியாக 900-இல் சுற்றும் பெரிய ஃபேன் அதற்கு நின்றுபோன ஃபேன்தான். ஃபேன்1 டிவ் என்ற கோப்பில் 8 என்று எழுதினால் சுமார் 660 வரை பார்க்க முடியும். புதிய சிப்களில் எண்ணிக்கைக்கு 13 பிட், 16 பிட் என்று இடம் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

புதிய போர்டிலும் 0 வந்தால் வேறு காரணங்கள். எஸ்எம்பிஎஸ்-இலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) நேராக மோலெக்ஸ் இணைப்பில் மின்சாரம் வாங்கும் கேபினெட் ஃபேனுக்கு மதர்போர்டோடு தொடர்பே இல்லை, அது எங்கும் தெரியாது. ஒரு ஹப் வழியாக நான்கு ஃபேன் இணைத்திருந்தால் அவற்றில் ஒன்றின் வேகம் மட்டும்தான் வரும், அதுதான் சரியான ஏற்பாடு. மற்றபடி ஃபேன்3, ஃபேன்5 என்று 0 காட்டும் வரிகள் ஒன்றும் செருகப்படாத இணைப்புகளாக இருக்கும்.

எந்த வரி எந்த ஃபேன்? சிப்புக்கு அது தெரியாது. நுவோட்டான் போர்டுகளில் ஃபேன்2 என்பதே ப்ராசஸர் ஃபேனாக இருப்பது வழக்கம், ஆனால் உறுதியில்லை. பயாஸ் திரையில் ஒவ்வொரு ஃபேனின் வேகமும் பெயரோடு இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு வந்து ஒப்பிடுங்கள். அல்லது பயாஸில் ஒரு கேபினெட் ஃபேனின் வேகத்தை மட்டும் மாற்றிவிட்டு, லினக்ஸில் எந்த எண் மாறுகிறது என்று பாருங்கள்.

இனி அந்த 127. சூப்பர் ஐஓ சிப்பில் சூட்டை அளக்கப் பல முனைகள் உண்டு: சிஸ்டின், சிபியுடின், ஆக்ஸ்டின்0, ஆக்ஸ்டின்1 என்று போகும். ஒவ்வொன்றிலும் ஒரு தெர்மிஸ்டரையோ டையோடையோ (சூட்டை உணரும் சிறு பாகங்கள்) இணைப்பார்கள் என்று சிப் எதிர்பார்க்கிறது. போர்டு தயாரிப்பாளர் ஒன்றிரண்டை மட்டும் இணைத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவார். வெற்று முனையிலும் சிப் ஏதோ ஒரு மின்னழுத்தத்தை அளந்து, அதை டிகிரியாக மாற்றிச் சொல்லிவிடும். அதுதான் 127, மைனஸ் 128, அல்லது 109 மாதிரி விசித்திர எண்கள். எட்டு பிட் குறியுள்ள எண்ணின் இரு எல்லைகள் 127-உம் மைனஸ் 128-உம், ஆகவே அவை "அளவு எல்லைக்கு வெளியே" என்பதன் அடையாளம். உண்மையான சூடு வேலை கொடுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். பத்து நிமிடம் வேலை கொடுத்தும் அசையாத எண்ணைச் சூடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சமயம், இணைக்கப்படாத முனை சில நேரம் 35, 40 என்று நம்பும்படியான எண்ணையும் சொல்லும். அதுதான் கூடுதல் ஆபத்து. ப்ராசஸர் சூட்டுக்கு சிபியுடின் வரியைப் பார்க்க வேண்டாம், கோர்டெம்ப் அல்லது கே10டெம்ப் சொல்வதை மட்டும் பாருங்கள்.

பக்கத்தில் வரும் அலாரம் என்ற சொல்லும் பலரைக் கலவரப்படுத்தும். குறைந்தபட்ச ஆர்பிஎம், உச்சச் சூடு என்று யாரும் எல்லை குறிக்காத இடத்தில் 0 என்றோ தாறுமாறாகவோ இருக்கும், அதோடு ஒப்பிட்டுச் சிப் அலாரம் எழுப்புகிறது. இன்ட்ரூஷன் வரியில் வரும் அலாரம், கேபினெட் மூடி திறக்கப்பட்டதைச் சொல்லும் சிறு ஸ்விட்சைப் பற்றியது. உங்கள் கேபினெட்டில் அந்த ஸ்விட்சே இல்லாமல் இருக்கலாம்.

மின்னழுத்த வரிகளைப் பற்றிச் சுருக்கமாக. சிப்பால் நேராக 12 வோல்ட்டை அளக்க முடியாது, இரண்டு வோல்ட் சொச்சம்தான் பல நுவோட்டான் சிப்களின் எல்லை. அதனால் போர்டில் இரண்டு மின்தடைகளை வைத்துக் குறைத்துத் தருகிறார்கள். எவ்வளவு குறைத்தார்கள் என்பது தயாரிப்பாளருக்கே தெரியும். 1.01 வோல்ட் என்று ஒரு வரி வந்து, பயாஸில் 12 வோல்ட் தடம் 12.1 என்று இருந்தால், அதை 12-ஆல் பெருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். ஏடிஎக்ஸ் என்ற டெஸ்க்டாப் மின்வழங்கி விதிப்படி அந்தத் தடம் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வந்தால் இந்த எண்ணை வைத்து முடிவெடுக்காமல் மல்டிமீட்டரை எடுங்கள்.

இந்த வரிகளை எல்லாம் ஒழுங்கு செய்ய ஒரு வழி இருக்கிறது. ஈடிசி கோப்பகத்துக்குள் சென்சார்ஸ்.டி என்ற ஃபோல்டரில் உங்கள் போர்டுக்கு ஒரு சிறு கோப்பு எழுதுங்கள். முதல் வரியில் சிப் பெயர். அப்புறம் லேபிள் என்று தொடங்கி ஃபேன்2-க்கு ஒரு நல்ல பெயர், இக்னோர் என்று தொடங்கி பொய் சொல்லும் முனைகள், கம்ப்யூட் என்று தொடங்கி மின்னழுத்தப் பெருக்கல். இக்னோர் கொடுத்த வரி அதன்பின் கண்ணில் படாது, அண்ணனின் 127-க்கு மருந்து அதுதான். சென்சார்ஸ்3.கான்ஃப் என்ற மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், தொகுப்பு புதுப்பிக்கப்படும்போது அதனால் குழப்பம் வரும்.

டிஸ்க்குகள் பற்றிய செய்தி நல்ல செய்தி. முன்பெல்லாம் எச்டிடிடெம்ப் என்ற கருவியை ரூட் உரிமையோடு ஓட்ட வேண்டியிருந்தது, அதைப் பராமரிப்பார் இல்லாமல் டெபியன் 12-இல் அது இல்லவே இல்லை. 2020 தொடக்கத்தில் வந்த 5.5 கெர்னலில் என்விஎம்இ எஸ்எஸ்டிகளின் சூடும், அடுத்து வந்த 5.6-இல் டிரைவ்டெம்ப் என்ற டிரைவர் வழியாக சாட்டா டிஸ்க்குகளின் சூடும் எச்டபிள்யூமானுக்கே வந்துவிட்டன. என்விஎம்இ தானாகத் தெரியும், டிரைவ்டெம்ப்பை நீங்கள்தான் ஏற்ற வேண்டும். சில டிஸ்க்குகளில் சூட்டைப் படிப்பதே அது தூங்கப் போகும் நேரக் கணக்கைத் திரும்பவும் தொடங்கிவிடும் என்று டிரைவரின் ஆவணத்திலேயே இருக்கிறது. டிஸ்க் ஓய்வெடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதை நொடிக்கொரு முறை படிக்காமல் இருப்பது நல்லது. கிராபிக்ஸ் கார்டில் ஏஎம்டி என்றால் எட்ஜ், ஜங்ஷன், மெம் என்று சென்சார்ஸ் பட்டியலிலேயே வரும். என்விடியாவின் சொந்த டிரைவர் எச்டபிள்யூமானுக்கு ஒன்றும் தருவதில்லை, என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில்தான் பார்க்க வேண்டும். வேலை இல்லாதபோது கார்டின் ஃபேன் நின்றிருப்பது பல மாடல்களில் இயல்பு.

லேப்டாப் வேறு உலகம். அங்கே ஃபேனை ஆள்வது எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிப், அதோடு எப்படிப் பேசுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். திங்க்பேடில் திங்க்பேட்-ஏசிபிஐ டிரைவர் ஃபேன் வேகத்தைக் காட்டும். விருப்பம் கொடுத்து ஏற்றினால் 0 முதல் 7 வரை நிலைகளையும் ஆட்டோவையும் கையில் தரும். டெல்லுக்கு டெல்-எஸ்எம்எம் டிரைவர். சில மலிவு லேப்டாப்புகளில் எதுவுமே தெரியாது, அங்கே ப்ராசஸர் சூட்டை மட்டும் பார்த்துக்கொள்வதுதான் வழி.

கட்டுப்பாட்டுக்கு வருவோம். நான்கு முனை ஃபேனில் நான்காவது கம்பி 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு அலையைக் கொண்டுபோகிறது. அந்த அலை எவ்வளவு பங்கு நேரம் உயர்ந்திருக்கிறது என்பதுதான் வேகக் கட்டளை. மூன்று முனை ஃபேனுக்கு அந்தக் கம்பி இல்லை, மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் அடக்க வேண்டும். மூன்று முனை ஃபேனைச் செருகிவிட்டு அந்த இணைப்பை பயாஸில் பிடபிள்யூஎம் நிலையில் வைத்தால் அது எப்போதும் முழு வேகத்தில் கத்திக்கொண்டே இருக்கும். லினக்ஸ் பக்கம் எதையும் தொடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

என் உறுதியான பரிந்துரை: ப்ராசஸர் ஃபேனின் வேக வரைவை பயாஸிலேயே அமையுங்கள். அங்கே அமைத்தால் சூப்பர் ஐஓ சிப்பே சூட்டைப் பார்த்து ஃபேனை ஓட்டும். லினக்ஸ் உறைந்துபோனாலும், கெர்னல் பேனிக் ஆனாலும், ஃபேன் தன் வேலையைச் செய்யும். ஃபேன்கன்ட்ரோல் போன்ற நிரலில் அமைத்தால் பொறுப்பு அந்த நிரலின் மேல். அது செயலிழந்தால் பிடபிள்யூஎம் கடைசியாக எழுதிய மதிப்பிலேயே நின்றுவிடலாம், அந்த மதிப்பு குறைவாக இருந்த நேரத்தில் கனமான வேலை தொடங்கினால் சூடு ஏறுவதைக் கவனிக்க யாரும் இல்லை. பயாஸால் முடியாத இடத்துக்கு மட்டும் மென்பொருளை வையுங்கள். டிஸ்க் சூட்டையோ கிராபிக்ஸ் கார்டு சூட்டையோ பார்த்து முன்பக்கக் கேபினெட் ஃபேனை ஓட்டுவது அப்படிப்பட்ட வேலை. அதற்கு ஃபேன்கன்ட்ரோல் அல்லது கூலர்கன்ட்ரோல் நன்றாகவே பயன்படும்.

ஃபேன்கன்ட்ரோல் என்றால் முதலில் பிடபிள்யூஎம்கான்ஃபிக் ஓட்ட வேண்டும். அது ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் தாழ்த்தி எந்த ஃபேன் நிற்கிறது என்று பார்க்கும், ப்ராசஸர் ஃபேன் உட்பட. எனவே கனமான நிரல்களை எல்லாம் மூடிவிட்டு ஓட்டுங்கள். அது கேட்கும் அளவுகளில் மின்ஸ்டார்ட், மின்ஸ்டாப் இரண்டும் முக்கியம். நின்ற ஃபேன் கிளம்பத் தேவையான உந்துதல், சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கத் தேவையானதைவிட அதிகம். மின்ஸ்டார்ட்டைத் தாராளமாக வையுங்கள், ஃபேன் பழசாகும்போது இன்னும் கொஞ்சம் கூடுதல் உந்துதல் கேட்கும். கணினி சஸ்பெண்டிலிருந்து எழும்போது சிப் பயாஸின் அமைப்புக்குத் திரும்பிவிடக்கூடும், அப்போது ஃபேன்கன்ட்ரோல் சேவையை மறுபடி தொடங்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, எண்கள் எல்லாம் சரியாக வந்துவிட்டால் எது அதிகச் சூடு? காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே போக முடியாது. அறை பத்து டிகிரி ஏறினால் ப்ராசஸரும் கிட்டத்தட்ட பத்து டிகிரி ஏறும். அக்னி நட்சத்திர வெயிலில் அறை 37 டிகிரியில் இருக்கும்போது எடுத்த அளவை, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து யாரோ எழுதிய அளவோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். அறைக்கும் ப்ராசஸருக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். சுவர் வெப்பமானி ஒன்று போதும். ஸ்ட்ரெஸ்-என்ஜி போன்ற கருவியால் இருபது நிமிடம் முழு வேலை கொடுத்து, வாட்ச் கட்டளையோடு சென்சார்ஸை ஓட விட்டு, எண் எங்கே போய் நிலைக்கிறது என்று பாருங்கள். இன்டெல் என்றால் இன்னொரு நல்ல சாட்சி உண்டு: சிஸ் கோப்பகத்தில் ஒவ்வொரு சிபியுவின் கீழும் தெர்மல் த்ராட்டில் என்ற ஃபோல்டர் இருக்கும், அதில் கோர் த்ராட்டில் கவுன்ட் என்ற கோப்பு, சூட்டால் ப்ராசஸர் எத்தனை முறை தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது என்று எண்ணி வைத்திருக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் அதைப் படியுங்கள். ஏறாமல் இருந்தால், திரையில் 88 என்று தெரிந்தாலும் உங்கள் கணினி தன் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஏறியிருந்தால் ஹீட்சிங்க் இடுக்குகளில் தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், சரியாக அழுந்தாத கூலர் இந்த மூன்றையும் பாருங்கள். ஃபேன் வேகத்தைக் கூட்டுவது இவற்றுக்குப் பிறகுதான்.